வீக்கத்தையும் சேர்த்துப் போட்ட கோடு

என் ஓரகத்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் வார்த்தையிலேயே பேனா நின்றுவிடுகிறது. அவள்மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், நடுநடுவே நான் அவளை மட்டம் தட்டும் இடங்களையெல்லாம் நீங்கள் உண்மை என்று நம்பிவிடுவீர்கள்.

நான் மூத்த மருமகள், அவள் இளைய மருமகள். வீட்டில் என்னைப் பெரியவள் என்பார்கள், அவளைச் சின்னவள் என்பார்கள். கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் அவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே புற்றுநோய் மருத்துவமனையில் வேலை. அந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டதே நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில், ஸ்கேன் எடுக்கப் படித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று பரிதாபப்பட்டு, நிர்வாக அலுவலகத்தின் படிகளை நாலு முறை ஏறி இறங்கினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதில் இரண்டு திரைகள், ஒரு நாற்காலி, எப்போதும் குளிர். கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும் முன் நோயாளியின் உடம்பை ஸ்கேன் எடுப்பார்கள். நோயாளிகள் அந்தச் சிகிச்சையைக் ‘கரன்ட் வைக்கிறது’ என்பார்கள். ஒரு கழுத்தை மெல்லிசாக நறுக்கி வைத்ததுபோல நூற்றுச் சொச்சம் படங்கள் வரும். ஒவ்வொரு படத்திலும் கட்டியின் விளிம்பைச் சுற்றி நான் கோடு போடுவேன். டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். கோட்டுக்குள் இருப்பதன்மேல் கதிர் விழும். கோடு கஞ்சத்தனமாக இருந்தால் விளிம்பில் இருக்கும் நோய் தப்பித்துவிடும் என்பதால், சந்தேகமான இடத்தையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட வேண்டும். பத்தொன்பது வருஷமாக என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. தாராளமான கை என்று பேர்.

சின்னவளுக்கு மேலே இரண்டாம் மாடியில் வேலை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பாள். நோயாளி அந்தக் குழாய்க்குள் படுத்து, தடதடவென்ற சத்தத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் பேசுவாள். இன்னும் நாலு நிமிஷம், அப்புறம் ஒரு ரெண்டு நிமிஷம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நோயாளிகள் அவளுக்கு மைக் அக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் பத்துப் பேர் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். கூடவே நடக்கும் என்னை, அவளோடு வந்த யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள். நான் கோடு போட்ட உடம்புகள்தான் அவ்வளவும். எனக்கு அவர்களுடைய தொண்டை எலும்புவரை தெரியும். அவர்களுக்கு என் முகம் தெரியாது.

இத்தனைக்கும் ஸ்கூட்டர் என்னுடையது. ஓட்டுவது நான். அவள் பின்னால் உட்கார்ந்து வருகிறவள்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. மொத்தமாக வந்தது, தலைமை டாக்டர் ஒரு ஆய்வை ஆரம்பித்தபோது. கரன்ட் வைத்தால் சிலருக்குக் கட்டி கரையும், சிலருக்கு அசையாது. யாருக்குக் கரையும் என்பது சிகிச்சையெல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும். கரையாதவர்களுக்கு அதற்குள் காலம் கடந்திருக்கும். இதை முன்கூட்டியே படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு. உடம்புக்குள் தண்ணீர் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்று காட்டும் ஒருவகை ஸ்கேன் இருக்கிறது. உயிரோடிருக்கும் கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், தண்ணீர் நகர இடமிருக்காது. படத்தில் அந்த இடம் இருட்டாக இருக்கும். கதிர் பட்டுச் செல்கள் சாகத் தொடங்கினால் இடம் விடும், தண்ணீர் ஓடும், படம் வெளுக்கும். சிகிச்சைக்கு முன் ஒரு ஸ்கேன், பத்தாவது நாள் கரன்ட்டுக்குப் பிறகு ஒரு ஸ்கேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கணினி ஒரு எண் சொல்லும். இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் என்றால் நல்ல சகுனம். பத்துக்குக் கீழே என்றால் டாக்டர்கள் கூடி உட்கார்ந்து யோசிக்கவேண்டும்.

கணினி எண்ணுவது நான் போட்ட கோட்டுக்குள் இருப்பதை மட்டும்தான். எனவே இந்த ஆய்வின் முதுகெலும்பு நான். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? படம் எடுக்கும்போதே, கோடும் இல்லாமல் கணினியும் இல்லாமல், திரையைப் பார்த்துவிட்டு “இது கரையும்”, “இது கரையாது” என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தாள். விளையாட்டாகத்தான் செய்தாள். தலைமை டாக்டர் ஒருநாள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டார். நாற்பது பேரில் முப்பத்து நாலு பேருக்கு அவள் சொன்னது நடந்திருந்தது. கணினிக்கே முப்பத்தொன்றுதான். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் நடக்கும் டாக்டர்கள் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூட்டத்தின் கதவை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். சின்னவளைக் கூப்பிட்டபிறகு, கோடு போடுகிறவர்களும் வரட்டுமே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி.

வீட்டிலும் இதே கதைதான். என் மகள் கணக்கில் சந்தேகம் வந்தால் மாடிக்கு ஓடுவாள். இறங்கி வந்ததும், சித்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பாள். என் கணவர் ஒருநாள் நாளிதழைப் புரட்டிக்கொண்டே, “அவ வாயால சொன்னா நடக்குதேப்பா” என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன டீதான் கிடைத்தது. காரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

இந்த நேரத்தில்தான் ஏலக்காரர் வந்தார். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். வயது ஐம்பத்தாறு. குரல்வளையில் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சை எடுபட்டால் நோயும் போகும், குரலும் நிற்கும். எடுபடாவிட்டால் குரல்வளையையே அறுத்து எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துளை வைத்து அதன் வழியே மூச்சு விடவேண்டும். பிழைப்பார், ஆனால் பேச்சு போய்விடும்.

கரன்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி முகமூடி செய்வார்கள். அதைச் செய்கிறவர் அன்றைக்கு விடுப்பு என்பதால் உதவிக்கு நான் போயிருந்தேன். இவங்கதான் உங்க படத்துல கோடு போடுறவங்க என்று டாக்டர் என்னைக் காட்டினார். ஏலக்காரர் படுத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் அப்போதே கரகரத்துப் போயிருந்தது.

“அம்மா, கோடு போடறப்ப என் குரலைக் கொஞ்சம் வெளிய விட்டுப் போடுங்க. அது இல்லேன்னா நான் சந்தையில கூடை தூக்கத்தான் லாயக்கு.”

கட்டியே குரல்வளையில்தான் இருக்கிறது, வெளியே விடுவதற்கில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கிறேன் என்று சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நோயாளி என்னிடம் கேட்டுக்கொண்ட முதல் காரியம் அது. நான் ஆடிப்போய்விட்டேன். அன்றிலிருந்து அவர் என் நோயாளி. மைக் அக்காவுக்கு ஆயிரம் பேர் இருக்கட்டும், இந்த ஒருத்தர் எனக்கு.

பத்தாவது நாள் ஸ்கேன் முடிந்த சாயங்காலம், ஸ்கூட்டரில் பின்னாலிருந்து சின்னவள் மெதுவாகச் சொன்னாள், “அக்கா, அந்த ஏலக்காரருக்குக் கரையலக்கா.”

சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குச் சுருக்கென்றது. அவர் குரல் போய்விடுமே என்று பாதி. என் நோயாளியைப் பற்றி இவள் என்ன சொல்வது என்று பாதி. கோடு போடறதுக்கு முன்னாடியே உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

மறுநாள் கோடு போட உட்கார்ந்தேன். பத்து நாள் கதிர் பட்டுத் தொண்டை வீங்கியிருந்தது. வீக்கம் என்றால் தண்ணீர், படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி எங்கே முடிகிறது, வீக்கம் எங்கே தொடங்குகிறது என்பது பல படங்களில் மங்கலாக இருந்தது. மங்கலான இடத்தை உள்ளே இழுத்துப் போடுவது என் கையின் பழக்கம். சிகிச்சைக்குக் கோடு போடும்போது அது புண்ணியம். ஆனால் இது சிகிச்சைக் கோடு அல்ல, அளக்கிற கோடு. வீக்கத்தின் வெள்ளையும் உள்ளே வந்தால், கட்டி வெளுத்துவிட்டதாகக் கணினி ஏமாந்துபோகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குக் கை முந்திக்கொண்டது, நானும் தடுக்கவில்லை. எண் வந்தது, முப்பத்தொன்று.

உச்சி குளிர்ந்துபோயிற்று எனக்கு. குரல் பிழைத்தது என்று ஒரு சந்தோஷம். சின்னவள் மூக்கு உடைந்தது என்று இன்னொரு சந்தோஷம். எது பெரிது என்று கேட்காதீர்கள். லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் மூன்று மாடி ஏறிப் போய் அவளிடம் சொன்னேன். அவள் என் படங்களைத் தன் திரையில் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, “வீக்கமும் உள்ள வந்துருச்சோக்கா?” என்றாள்.

நான் கோடு போட ஆரம்பித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உன் வேலை படம் எடுப்பது, அதை மட்டும் பார் என்றேன். பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அவள் முன்னால்தான் சொன்னேன். சின்னவளின் முகம் சிவந்தது. சரிக்கா என்றாள்.

அதற்குள் தலைமை டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு ஏலக்காரரிடம் நல்லபடியாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். இறுதி முடிவு வியாழக்கிழமைக் கூட்டத்தில்தான் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. மனைவியோடு அடித்தளத்து அறைக்கே வந்துவிட்டார். யாரும் வராத அறை, உட்காரச் சொல்ல இன்னொரு நாற்காலிகூட இல்லை. உங்க கை நல்ல கைம்மா என்றார் அந்த அம்மாள். நான் நாற்காலியை அவர்களுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றபடி கால் மணி நேரம் அவர்களுடைய சந்தைக் கதைகளைக் கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கால் மணி நேரம் வந்ததில்லை.

அவர்கள் போனபிறகு நெஞ்சு குறுகுறுத்தது. திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படங்களைத் திறந்தேன். வீக்கத்தை விட்டுவிட்டு, உயிரோடிருக்கும் கட்டியின் விளிம்பை மட்டும் ஒட்டிக் கோடு போட்டேன். எண் ஆறு என்று வந்தது. நம்பாமல் மறுபடி போட்டேன், ஏழு. மூன்றாவது முறை மறுபடி ஆறு. சின்னவள் சொன்னது சரி. கட்டி அசையவே இல்லை.

அந்த மூன்று கோடுகளையும் அழித்துவிட்டேன். பழைய கோடு அப்படியே இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். டாக்டர் எப்படியும் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார், அவருக்கே தெரிந்துவிடும் என்றேன். ஆய்வு எண் ஒன்றை மட்டும் நம்பியா முடிவெடுப்பார்கள் என்றேன். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். போய்ச் சொன்னால் சின்னவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒரு மனிதனின் உயிர் ஒரு தட்டில், இந்த அற்பம் இன்னொரு தட்டில். இரண்டு நாள் அற்பம்தான் கனமாக இருந்தது. 

வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் கோடு பெரிய திரையில் வந்தது. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், வீக்கத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்றார். அப்படியானால் முப்பத்தைந்து நாள் கரன்ட்டையும் முழுசாக வைத்துவிடலாம் என்று பேச்சு முடியும் நேரத்தில், தலைமை டாக்டர் வழக்கம்போலச் சின்னவளைப் பார்த்து உங்க கண்ணுக்கு என்ன தோணுது என்றார். அவள் எழுந்து நின்றாள்.

“எனக்குக் கரையலைன்னுதான் தோணுது சார். ஆனா வீக்கம் நிறைய இருக்கு, படம் குழப்பமா இருக்கு. அக்கா இன்னொரு தடவை பார்த்துச் சொன்னா நல்லாருக்கும்.”

கோடு தப்பு என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு வழிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் கடைசி வரிசைக்குத் திரும்பினார்கள்.  நான் எழுந்து, வீக்கம் உள்ளே வந்திருக்க வாய்ப்பிருக்கிறது, திருத்திப் போட்டுத் தருகிறேன் என்றேன். ஏற்கெனவே மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் ஆறு என்ற எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் கோட்டைத் தானே சந்தேகப்படுவதற்குப் பேர்தான் அனுபவம் என்று தலைமை டாக்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். சின்னவளும் மற்றவர்களோடு தலையாட்டினாள். எரிகிற வயிற்றில் எண்ணெயை ஊற்றியதுபோல இருந்தது.

சதை எடுத்துச் சோதித்ததில் கட்டி முழு உயிரோடு இருப்பது உறுதியாயிற்று. கரன்ட்டை நிறுத்தினார்கள். குரல்வளையை எடுக்க நாள் குறித்தார்கள்.

கூட்டத்தில் நடந்தது எப்படியோ கசிந்துவிட்டது. நல்லபடியாக வந்த கணக்கை ஸ்கேன் அறைப் பெண்தான் சந்தேகப்பட்டுக் கெடுத்தாள் என்று ஏலக்காரரின் மனைவி காதில் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் நேரே இரண்டாம் மாடிக்கு வந்து, காத்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னிலும் சின்னவளைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லாருக்குன்னு எழுதி வந்ததை நீதானே மாத்தச் சொன்னே? உன் கண்ணுதான் பட்டுச்சு அவர்மேல. கூடப் பொறந்தவங்கன்னா இப்படிச் சொல்லுவியா?”

சின்னவள் பதில் பேசவில்லை. அழுகிற அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அதையும் அவர் தள்ளிவிட்டார். நான் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு எட்டு வைத்துப் போய், தப்புக் கோடு போட்டது நான் என்று சொல்லியிருக்கவேண்டும்.  சத்தமில்லாமல் கீழே இறங்கி என் அறைக்குப் போய்விட்டேன். கோடு தப்பாகிப் போனதற்குப் பழக்கத்தின்மேல் பழிபோடலாம். இதற்குப் போட முடியாது.

எட்டு மாதம் கழித்து ஏலக்காரர் பரிசோதனைக்கு வந்தார். கழுத்தில் துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஆள் தேறியிருந்தார். ஸ்கேனில் நோயின் சுவடே இல்லை. என்னைப் பார்க்க அடித்தளத்துக்கு வந்தார். கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பதுபோல ஒரு சிலேட்டு. அதில் எழுதிக் காட்டினார்: ‘என் குரலுக்காகக் கடைசிவரை பாடுபட்டது நீங்கள் ஒருவர்தான். மறக்க மாட்டேன்.’

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் அவருடைய படங்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் சிலேட்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் என்னால் பொறுக்கமுடியவில்லை. என் கோடு தப்பு என்று உனக்கு அப்போதே தெரியும் அல்லவா, பிறகு ஏன் அந்த அம்மாளிடம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“அந்தம்மாவுக்கு யார்மேலயாவது கோபப்பட்டே ஆகணும்கா அன்னிக்கு. அது நானா இருந்துட்டுப் போறேன். அவர் உசுரோட இருக்காரு இல்ல, அது போதும்” என்றாள். தக்காளி வாங்கணும், கடைப்பக்கம் நிறுத்துங்க என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுடைய கண்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். மைக் மேலும், என் மகள் மாடிக்கு ஓடுவதன்மேலும் பட்டிருக்கிறேன். அதெல்லாம் எனக்கும் கிடைத்திருக்கக்கூடியவை. அன்றைக்கு வந்த பொறாமை வேறு. என் பழியைச் சுமந்துகொண்டு, சுமப்பது தெரியாமல் பின்னால் உட்கார்ந்து வருகிறாளே என்ற பொறாமை. 

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்குப் போனேன். ஏலக்காரரின் தம்பி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். இவர் ஓரத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. வீக்கத்தைச் சேர்த்துப் போட்டதில் தொடங்கி, மூன்று முறை திருத்திப் பார்த்து அழித்தது, படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். சந்தைச் சத்தத்தில் பாதியை இரண்டாம் முறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது.

அவர் எழுதினார்: ‘தெரிந்தும் எத்தனை நாள் சொல்லாமல் இருந்தீர்கள்?’

“மூணு நாள்” என்றேன்.

அவர் அந்த வரியை உள்ளங்கையால் துடைத்தார்.  அந்த அம்மாள்தான் கேட்டார்.

“அப்ப அன்னிக்கு அந்தப் பொண்ணு ஏன் ஒரு வார்த்தை பேசாம நின்னா?”

“பேசினா என் பேரைச் சொல்லவேண்டி வந்திருக்கும். அதான்” என்றேன். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை. யாரும் இரு என்று சொல்லவுமில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். இரண்டாம் மாடிக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அந்த அம்மாள் சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஏலக்காரர் சிலேட்டில் ஏதோ எழுதினார். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துடித்தேன். திரும்பிப் போகும்போது இரண்டு பேரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். எனக்கு ஒரு பார்வைகூடக் கிடைக்கவில்லை. நியாயம்தான். ஆனாலும் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்.

சாயங்காலம் வண்டியைக் கிளப்புவதற்கு முன் சின்னவள் என் தோளைத் தொட்டாள்.

“எதுக்குக்கா போய்ச் சொன்னீங்க? எல்லாம் ஆறிப்போனதுதானே. உங்களை அவ்வளவு உசத்தியா நினைச்சிட்டிருந்தாங்க.”

மனசாட்சி உறுத்தியது என்று சொல்லியிருக்கலாம். நல்ல பதில், அவளும் நம்பியிருப்பாள்.

“நீ மட்டும் எத்தனை நாளைக்குத்தான் நல்லவளா இருப்பே?” என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பினேன்.